புஷ்டியான குழந்தை எது?

பழனியில் முதல் முடி இறக்க வரும் குழந்தையை உறவினரின் கண்கள் எடை போடாமல் விடுவதில்லை. "ஏண்டியம்மா, இளைத்திருக்கிறதே! பால் போதவில்லையோ?" என்று ஒரு பாட்டி கேட்டுவிட்டால், மறுநாளே வீட்டுக்குப் பால் பவுடர் டின் வந்துவிடும்.

அவசரம் வேண்டாம், அம்மா! தாய்ப்பால் குழந்தை முதல் இரண்டு மூன்று மாதம் மளமளவென்று எடை ஏறும். பிறகு புட்டிப்பால் குழந்தையைவிடச் சற்று மெதுவாக ஏறும். அது குறையல்ல, இயற்கை. இந்தியா உள்பட ஆறு தேசங்களில் தாய்ப்பால் குழந்தைகளை அளந்துதான், உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வளர்ச்சி அட்டவணை வகுத்தது.

பவுடர் பாலில் புரதம் அதிகம். புட்டியைக் காலியாக்கும் வழக்கமும் சேர்ந்தால் சதை கூடும். மார்பில் குடிக்கும் குழந்தையோ, போதுமென்றால் தானே வாயை எடுத்துக்கொள்ளும்.

ஆனால், தாய்ப்பால் ஒன்றே பிற்காலப் பருமனைத் தடுத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. பெலாரஸில் 1996-ல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சியில், 11 வயதுப் பிள்ளைகளிடம் அந்தப் பலன் தென்படவில்லை.

மாதாமாதம் அங்கன்வாடியில் நிறுத்துப் பாருங்கள். அட்டையில் கோடு ஏறிக்கொண்டே இருந்தால் கவலையில்லை. ஏறாமல் நின்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். பிரசாதமென்று பஞ்சாமிர்தத்தை நாக்கில் தடவவும் வேண்டாம். அதில் தேன் இருக்கிறது. ஒரு வயது நிறையட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்!