சர்க்கரைவள்ளியும் முட்டையும்: மாலைப் பசிக்கு வீட்டிலேயே சுட்ட பலகாரங்கள்

ஆம்பூர் என்றதும் யாருக்கும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று பிரியாணி, மற்றொன்று தோல். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியும் அண்டியும் உள்ள ஊர்களில் தோல் பதனிடுவதும் காலணி தைப்பதும் இலட்சக்கணக்கான வாய்களுக்குச் சோறு போடும் தொழில்கள். 2019-ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. மாவட்டத்தின் பெயர் மாறியதே தவிர, வாழ்க்கை முறை மாறவில்லை.

இந்த வட்டாரத்தின் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் எழுந்து, சோறு வடித்து, குழம்பு கூட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். வீடு திரும்ப மாலை மங்கிவிடும். பள்ளிக்கூட மணியோ நாலு மணிக்கே அடித்துவிடுகிறது! பசியோடு வரும் பிள்ளை என்ன செய்யும்? தெருமுனைக் கடையில் தொங்கும் பளபளப்பான பொட்டலங்களில் ஒன்றை வாங்கித் தின்னும். அதில் எண்ணெயும் உப்பும் மிகுதி. உடம்பில் ஒட்டக்கூடிய சத்தோ குறைவு.

மாலைப் பசிக்கு மலிவான, ருசியான, சத்துள்ள பதார்த்தம் ஏதும் இல்லையா? இருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் கோழி முட்டையையும் சேர்த்துச் சுட்ட பலகாரங்கள்தாம் அவை.

பெயரிலேயே சர்க்கரை!

தமிழில் இதற்குச் சர்க்கரைவள்ளி என்று பெயர். தென் மாவட்டத்தார் சீனிக்கிழங்கு என்பார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் வீடுகளில் ஷக்கர்கந்த் என்பார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் வாய் இனிக்கிறது! ஆனால் இக்கிழங்கு இந்நாட்டுப் பிறப்பு அன்று. அமெரிக்கக் கண்டத்து மண்ணில் தோன்றி, 1492-இல் கொலம்பஸ் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. வந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு, பொங்கல் படையலிலும் இடம் பிடித்துவிட்டது.

கிழங்கில் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் வைட்டமின் 'சி'யும் உண்டு. புரதம் மட்டும் மிகக் குறைவு; 100 கிராமில் ஒன்றரைக் கிராம் தேறுவதே அரிது. முட்டையின் கதை இதற்கு நேர்மாறானது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. ஆனால் மாவுச்சத்தும் நாரும் வைட்டமின் 'சி'யும் இல்லை. ஒன்றிடம் இல்லாததை மற்றொன்று கொடுக்கிறது. பொருத்தமான ஜோடி அல்லவா?

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை புதிதும் அன்று. 1956-இல் காமராஜர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு விரிவாகத் தொடங்கியது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக்கினார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் அந்தத் தட்டில் முட்டை வந்து சேர்ந்தது. பகலில் பள்ளி தரும் சத்தை மாலையில் வீடும் தொடர்ந்தால் குழந்தைக்கு எவ்வளவு நன்மை!

கண்ணுக்கு உதவுமா?

கிழங்கு கண்ணுக்கு நல்லது என்று பலர் சொல்லக் கேட்கலாம். பாதி உண்மைதான். வெள்ளைச் சதைக் கிழங்கில் வைட்டமின் 'ஏ' தரும் கரோட்டின் இல்லை என்றே சொல்லலாம். தோல் சிவப்பாக இருப்பதைக் கண்டு ஏமாறக் கூடாது. வெட்டினால் உள்ளே சதை மஞ்சளாக அல்லது ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கரோட்டின்.

வைட்டமின் 'ஏ' குறைந்தால் முதலில் வருவது மாலைக்கண். அசட்டையாக விட்டால் கருவிழி வெந்து பார்வையே போய்விடும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-இல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை பின்னாளில் கண் மருத்துவமனையாகவே ஆயிற்று. வைட்டமின் 'ஏ' குறைவால் குழந்தைகள் குருடாவதைத் தடுக்க 1970-இல் இந்திய அரசு தனித் திட்டமே வகுத்தது. ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை குழந்தைகளுக்குக் கொடுக்கும் வைட்டமின் 'ஏ' திரவம் அத்திட்டத்தின் பயனே. அந்த மருந்துக்குக் கிழங்கு ஈடாகாது. மாலையில் தடுமாறும் குழந்தையைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆயினும் நோய் வருமுன் காப்பதில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் நடந்துவரும் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இதற்காகவே ஆரஞ்சுக் கிழங்கு ரகங்களை உண்டாக்கியிருக்கிறது. 'பூ சோனா' என்ற ரகத்தில் 100 கிராமுக்குச் சுமார் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் இருக்கிறது. ஊதாச் சதை உள்ள 'பூ கிருஷ்ணா'வில் இருப்பது வேறு நிறச்சத்து. அதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆப்பிரிக்க நாடுகளில் ஆரஞ்சுக் கிழங்கைப் பரப்பிய மரியா ஆண்ட்ரடே, ராபர்ட் ம்வாங்கா, ஜான் லோ என்னும் மூவருக்கு 2016-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அப்பரிசில் சத்தூட்டிய பயிர்களுக்காகப் பாடுபட்ட ஹோவர்த் பூயிஸ் என்பவருக்கும் பங்கு உண்டு. ஏழை வீட்டுக் கிழங்கு என்று எள்ளி நகையாடிய பொருளுக்கு எத்தகைய பெருமை!

கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். முட்டையின் மஞ்சள் கருவில் அது இருக்கிறது; அதோடு வைட்டமின் 'ஏ'யும் நேராகவே இருக்கிறது. ஆகவே வெள்ளைக் கிழங்கே கிடைத்தாலும் முட்டை சேர்த்த பலகாரம் வீண் போகாது.

சுடுவதில் என்ன விசேஷம்?

கிழங்கில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று இருக்கிறது. அது மும்முரமாக வேலை செய்வது 60 முதல் 75 டிகிரி சூட்டில். மெல்ல மெல்லச் சூடேறும் கிழங்கில் அதற்கு நேரம் கிடைக்கிறது. கிழங்கு தேனாக இனிக்கிறது. அவசரச் சூட்டில் அந்த நொதி சீக்கிரமே செத்துவிடும். தணல் சாம்பலில் புதைத்துச் சுட்ட கிழங்குக்குத் தனி ருசி வந்த இரகசியம் இதுதான்.

ஓவன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஆம்பூர் பிரியாணிக்காரர் டேக்சாவின் அடியில் மட்டுமா நெருப்பு வைக்கிறார்? மூடியின் மேலும் கங்கு கொட்டித் 'தம்' போடுகிறார். அடியிலும் மேலும் சூடு, நடுவில் பக்குவம். அதே சூத்திரம்தான் இங்கும்.

அடி கனமான இரும்புச் சட்டி அல்லது அலுமினிய டேக்சாவில், கழுவிக் காயவைத்த மணலையோ கல்லுப்பையோ இரண்டு விரற்கடை உயரம் பரப்புக. நடுவே ஒரு முக்காலி வளையம் வைக்க வேண்டும். நன்றாகப் பொருந்தும் மூடியைப் போட்டு, நடுத்தரத் தீயில் 10 நிமிடம் காயவிட்டால் வீட்டு ஓவன் தயார்! குக்கரை உபயோகிப்பவர்கள் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். ஒட்டாத பூச்சு உள்ள பாத்திரம் இதற்கு உதவாது.

கிழங்கு வாங்கும்போது கெட்டியான, துளையில்லாத கிழங்காகப் பொறுக்க வேண்டும். கூன்வண்டு துளைத்த கிழங்கு கசக்கும். அதை வெட்டி ஒதுக்குவதைவிட முழுவதுமே எறிந்துவிடுவது நல்லது. பச்சைக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி வேகாமல் கெட்டிப்பட்டுப் போகும். காற்றோட்டமான கூடையே போதும்.

கார முட்டைத் துண்டு

சாமான்கள்: கிழங்கு அரைக் கிலோ, முட்டை 4, வெங்காயம் 2, பச்சை மிளகாய் 2, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, கொத்தமல்லித் தழை, உப்பு, எண்ணெய் 2 மேஜைக்கரண்டி.

கிழங்கைத் தோலோடு சுட்டோ ஆவியில் வேகவைத்தோ, தோலுரித்து மசிக்கவும். வெங்காயத்தையும் மிளகாயையும் பொடியாக அரிந்து எண்ணெயில் வதக்கி ஆறவிடவும். முட்டைகளை நுரைக்க அடித்து, எல்லாவற்றையும் கலக்கவும். எண்ணெய் தடவிய தட்டில் ஓர் அங்குல கனத்துக்கு ஊற்றி, காய்ந்த சட்டிக்குள் வைத்து மூடி, சிறு தீயில் 30 முதல் 40 நிமிடம் விடவும். ஓவன் உள்ளவர்களுக்கு 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் போதும். நடுவில் குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். சற்று ஆறியபின் பதினாறு துண்டுகளாக வெட்டலாம். நாலு துண்டு தின்றால் ஒரு முழு முட்டை தின்ற கணக்கு!

வெல்லக் கிழங்குப் பலகாரம்

சாமான்கள்: மசித்த கிழங்கு அரைக் கிலோ, முட்டை 3, வெல்லம் 100 கிராம், கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி, நெய் 2 மேஜைக்கரண்டி, ஏலப்பொடி, உப்பு ஒரு சிட்டிகை.

வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, முழுவதும் ஆறவிட வேண்டும். சூடாக ஊற்றினால் முட்டை திரிந்து கட்டிதட்டிவிடும். பலரும் தவறுவது இங்கேதான். எல்லாவற்றையும் கலந்து, நெய் தடவிய தட்டில் ஊற்றி 40 முதல் 45 நிமிடம் சுட வேண்டும். ஆறிய பிறகு வெட்டினால்தான் துண்டு உடையாமல் வரும். கிழங்கு நல்ல இனிப்பாக இருந்தால் வெல்லத்தைப் பாதியாகக் குறைக்கலாம்.

பத்து நிமிடப் பணியாரம்

மசித்த கிழங்கு 2 கோப்பை, முட்டை 2, அரிசி மாவு 3 மேஜைக்கரண்டி, உப்பு, மிளகு, சீரகம் எல்லாம் கலந்து குழிப்பணியாரச் சட்டியில் எண்ணெய் விட்டு ஊற்றி மூடவும். சிறு தீயில் ஒரு புறம் சிவந்ததும் திருப்பிப் போட்டு மறுபடி மூடவும். உள்ளே ஈரமில்லாமல் வெந்திருக்க வேண்டும்.

காலையில் செய்து மாலையில் தின்னலாமா?

வேலைக்குப் போகும் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. வேலூர் வெயில் ஊரறிந்தது. அந்த வெப்பத்தில் முட்டை சேர்த்த பதார்த்தத்தைக் காலை முதல் மாலை வரை வெளியில் வைப்பது ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமலிருப்பதே நல்லது. குளிர்சாதனப் பெட்டி உள்ள வீட்டில் முதல் நாள் இரவே செய்து, ஆறியதும் உள்ளே வைத்து, மறுநாளுக்குள் சூடாக்கித் தின்னலாம்.

பெட்டி இல்லாத வீட்டில் வழி வேறு. காலைச் சமையல் முடிந்ததும் கிழங்கைத் தோலோடு முழுதாகச் சுட்டு, மூடி வைத்துவிட்டுப் போகலாம். நாலு மணிக்கு வரும் பிள்ளை தோலை உரித்துத் தின்றால் அப்போதைய பசி தீரும். மீதிக் கிழங்கை மாலையில் தாய் வந்ததும் மசித்து, முட்டை உடைத்து ஊற்றி, பத்து நிமிடத்தில் பணியாரம் சுட்டுவிடலாம். பிள்ளை தனியே அடுப்பு மூட்ட வேண்டிய அவசியமே இல்லை. அதுவும் ஒரு பெரிய நிம்மதி அல்லவா?

நீரிழிவுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சுட்ட கிழங்கு, வேகவைத்த கிழங்கைவிட விரைவாக இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். அவர்கள் காரத் துண்டில் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். வெல்லப் பலகாரம் வேண்டாம். முட்டை ஒவ்வாத குழந்தைகளுக்கு வெறுங்கிழங்கே போதும்.

தொட்டியிலும் வளரும்

ஆரஞ்சுக் கிழங்கு ஒன்று கைக்குக் கிடைத்தால் எல்லாவற்றையும் தின்றுவிடாமல் ஒன்றை மண்ணில் புதைத்து வைக்கலாம். முளைத்துப் படரும் கொடியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மணற்பாங்கான மண்ணில், பழைய வாளியிலோ சிமெண்டுச் சாக்கிலோ கூட நடலாம். மூன்றரை மாதம் முதல் நாலு மாதத்தில் கிழங்கு தோண்டலாம். இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கலாம். அதிலும் கரோட்டின் உண்டு. ஒரு வீட்டுக் கொடி நாலு வீட்டுக்கு நறுக்குக் கொடுக்கும்.

நாளெல்லாம் பிறர் காலுக்குச் செருப்புத் தைக்கும் கைகள், தம் பிள்ளைகளின் வயிற்றுக்கும் கண்ணுக்கும் காவல் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்குக் கடன் வாங்க வேண்டாம். பெரிய அடுப்பும் வேண்டாம். ஒரு சட்டி மணல், அரைக் கிலோ கிழங்கு, நாலு முட்டை. வரும் ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துப் பார்க்கலாமே!