நிலமில்லாத விடுதலை

'இப்படி நடந்திருந்தால்?' என்ற கேள்வியை வரலாற்று ஆய்வாளர்கள் பலர் வீண் கற்பனை என்று ஒதுக்குவதுண்டு. பொருளாதார வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. ரயில் பாதைகளே இல்லாதிருந்தால் அமெரிக்கப் பொருளாதாரம் எந்த அளவு பின்தங்கியிருக்கும் என்று 1964-இல் கணக்கிட்டுக் காட்டிய ராபர்ட் ஃபோகல், 1993-இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நடக்காததை எண்ணிப் பார்ப்பதன் பயன், நடந்ததற்கு மெய்யான காரணம் எது என்று பிரித்தறிவதே.

அத்தகைய கேள்வியொன்றை நம் மண்ணிலேயே எழுப்பலாம். 1843-இல் அடிமை முறை சட்டத்தின் ஏற்பை இழந்தபோது, பண்ணையாள்களுக்கு நிலமும் கிடைத்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்?

இன்று தொழிற்பேட்டைகள் நிறைந்த பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் முழுவதும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரிப் பாசனமும் நெல்லுமே அதன் வாழ்வு. மிராசுதார்களே அதன் உடைமையாளர்கள். சேற்றில் இறங்கி உழைத்தவர்களோ தலைமுறை தலைமுறையாக நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த படியாள்களும் பண்ணையாள்களும். நிலமற்ற உழைப்பாளர் கூட்டம் பிரிட்டிஷ் ஆட்சியால் புதிதாக உருவானதன்று, முன்பே சாதி அமைப்பில் வேரூன்றியிருந்தது என்பதைத் தர்மா குமார் 1965-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833-ஆம் ஆண்டுச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தவில்லை. அச்சட்டப்படி 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கப்பட்டது. அது பிரிட்டிஷ் அரசின் ஆண்டுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம். அத்தொகை முழுவதும் உடைமையாளர்களுக்கே சென்றது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இந்தியாவுக்கான 1843-ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒருவரை அடிமையாகக் கோரும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்பதோடு நின்றுகொண்டது.

விடுதலையோடு நிலமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கரீபியப் பகுதி சான்றளிக்கிறது. பிரிட்டிஷ் கயானாவில் காலி நிலம் ஏராளம். 1839-இல் விடுதலை பெற்ற 83 பேர் தங்கள் சேமிப்பைத் திரட்டி ஒரு தோட்டத்தையே வாங்கி விக்டோரியா என்ற ஊரை உருவாக்கினர். சொந்த நிலம் உள்ளவரைக் குறைந்த கூலிக்கு அழைக்க முடியாது. எனவே தோட்ட முதலாளிகள் 1838 முதல் 1917 வரை சுமார் 2.4 லட்சம் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினர். பார்படோஸில் காலி நிலம் இல்லை. விடுதலை பெற்றவர்கள் பழைய தோட்டங்களிலேயே வேலை செய்ய வேண்டியதாயிற்று. அங்கு இந்திய ஒப்பந்தக் கூலிகள் தேவைப்படவே இல்லை.

இலங்கை மலைநாட்டிலும் இதே தர்க்கம் இயங்கியது. சொந்த வயல் வைத்திருந்த கண்டிச் சிங்கள விவசாயிகள், காப்பித் தோட்டங்களில் தங்கி வேலை செய்ய முன்வரவில்லை. அந்த வெற்றிடத்தைக் கடலுக்கு இப்பால் நிலமின்றி இருந்த தமிழர்கள் நிரப்பினர். மொரீஷியஸுக்கும், 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பலில் நட்டாலுக்கும், பின்னர் மலாயாவுக்கும் மக்கள் சென்றனர். அங்கே இருந்த நிலமும் இங்கே இருந்த நிலமின்மையும் சேர்ந்தே பேரரசின் மக்கள்தொகை வரைபடத்தை மாற்றி எழுதின.

1843-இல் இங்கு நிலம் வழங்கப்பட்டிருந்தால் இடப்பெயர்வே நிகழ்ந்திருக்காது என்று சொல்ல முடியாது. பஞ்சம் துரத்தியிருக்கும். சாதிக் கொடுமையிலிருந்து தப்பவும் கூடுதல் கூலியைத் தேடியும் சிலர் விரும்பியே சென்றிருப்பர். ஆனால், சென்றவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கும். பேரம் பேசும் வலிமை கூடியிருக்கும். 1946-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையில் இந்தியத் தமிழர்கள் 7.8 லட்சம் பேர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளும் பங்கிடும் எண்களாக்கியது. அந்தத் துயரத்தின் வேர்களுள் ஒன்று, நம் ஊர்களில் வழங்கப்படாமற்போன நிலத்தில் இருக்கிறது.

நிலமே தீர்வு என்பதை அன்றே உணர்ந்த அதிகாரியும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் ஜே.எச்.ஏ. ட்ரெமென்ஹீர், 1891-இல் அளித்த அறிக்கையில் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலையை ஆராய்ந்தார். தரிசு நிலம் கேட்டு அவர்கள் விண்ணப்பித்தால் மிராசுதாரருக்கே முன்னுரிமை. குடியிருக்கும் மனையும் மிராசுதாரருடையது. எதிர்த்தால் குடிசையும் போய்விடும் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். அவருடைய பரிந்துரைகளை அரசு முழுமையாக ஏற்கவில்லை. எனினும் 1892-ஆம் ஆண்டு அரசாணையோடுதான் பஞ்சமி நிலங்களின் வரலாறு தொடங்குகிறது. பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம் என்ற நிபந்தனைகளோடு அந்நிலங்கள் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் பெரும் பகுதி கைமாறிப் போனது. அதை மீட்கக் கோரி 1994-இல் செங்கல்பட்டு அருகே காரணையில் நடந்த போராட்டத்தில் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர்.

இது பழங்கதையன்று. பிள்ளைப்பாக்கம் போன்ற ஊர்களில் தொழிற்சாலைக்காக நிலம் எடுக்கப்படும்போது, இழப்பீடு பட்டாவைத் தேடிச் செல்கிறது. பட்டா இல்லாத கூலி உழைப்பாளி மீண்டும் வெறுங்கையோடு நிற்கிறார். மூன்றாண்டுகளாக அந்நிலத்தை நம்பி வாழ்ந்த விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாக ஏற்கிறது 2013-ஆம் ஆண்டு மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம். அந்த ஏற்பு நடைமுறையில் பணமாகவும் வேலையாகவும் மாற வேண்டும். எந்த ஊரிலும் நிலம் எடுப்பதற்கு முன்பு, அவ்வூரின் பஞ்சமி நிலப் பதிவேடு கிராம சபையில் வைக்கப்பட வேண்டும்.

1843-இல் தவறவிட்டதை இனித் திருத்த இயலாது. அடுத்து எடுக்கப்படவிருக்கும் நிலத்தில் யாருக்குப் பங்கு என்பதை முடிவு செய்வது இன்னும் நம் கையில்தான் உள்ளது.