சிரபுஞ்சிக்குப் போன தச்சர் மகன்



சிரபுஞ்சி என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? மழை. காரோ, காசி, ஜெயந்தியா என்று மூன்று குன்றுகளின் பெயரைப் பூகோள வாத்தியார் மனப்பாடம் செய்ய வைத்தார். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டோம். சரி, வேல்ஸ் என்றால்? இங்கிலாந்துப் பட்டத்து இளவரசருக்கு 'வேல்ஸ் இளவரசர்' என்று பெயர். அவ்வளவுதான்! இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு நெருங்கிய சம்பந்தம் உண்டு என்று படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. அதுவும் நம்மைப் போலக் கைவேலை தெரிந்த ஒருவரால் வந்த சம்பந்தம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேல்ஸ் எங்கே இருக்கிறது?

பிரிட்டன் தீவின் மேற்கு ஓரத்தில், மலையும் கடலுமாக உள்ள சிறிய நாடு வேல்ஸ். பரப்பளவு சுமார் 20,700 சதுர கிலோமீட்டர். பக்கத்துத் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குதான் வரும். தலைநகர் கார்டிஃப். அந்த மக்களின் மொழி, ஆங்கிலம் அந்தத் தீவுக்கு வருவதற்கு முன்பிருந்தே அங்கு வேரூன்றியது. பிரான்சில் பிரிட்டனி பகுதியில் பேசும் பிரெத்தோன் மொழி இதற்குச் சகோதரி.

'வேல்ஸ்' என்பது அவர்கள் வைத்த பெயரே இல்லை. ஆங்கிலேயரின் முன்னோர் வைத்த பெயர். 'அந்நியர்' என்று பொருள். சொந்த மண்ணிலேயே அந்நியர்! அவர்கள் தங்கள் நாட்டைச் சொல்வது 'கம்ரி' என்று. ஒரே நாட்டார் என்பது அதன் பொருள். பாண்டிச்சேரி என்று அழைக்கப்பட்டு, 2006ல்தான் அரசாங்கக் காகிதத்தில் புதுச்சேரி ஆன நமக்கு இது புரியாதா என்ன? சிரபுஞ்சிக்கும் உள்ளூர்ப் பெயர் வேறு. அங்கே அதை சோரா என்பார்கள்.

கழுத்தில் மாட்டிய கட்டை

1536ல் வந்த ஒரு சட்டம் வேல்ஸின் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கியது. 19ஆம் நூற்றாண்டில் பல பள்ளிக்கூடங்களில் ஒரு கொடுமையும் நடந்தது. வகுப்பில் வேல்ஸ் மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டிவிடுவார்கள். அடுத்து யாராவது பேசி மாட்டிக்கொண்டால் கட்டை அவனுக்குப் போகும். கடைசியில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. 1847ல் வந்த ஒரு அரசாங்க அறிக்கையோ, இந்த மொழிதான் வேல்ஸின் முன்னேற்றத்துக்கே தடை என்று எழுதியது.

அந்தக் காலத்தில் அந்த நாட்டிலிருந்து புறப்பட்டவர்தான் தாமஸ் ஜோன்ஸ். 1810ல் பிறந்த தச்சர் மகன். மதம் பரப்ப வந்த அவர், 1841 ஜூன் 22 அன்று சோரா போய்ச் சேர்ந்தார்.

காசி மக்கள்

காசி என்றதும் கங்கைக் கரைக் காசி என்று நினைத்துவிட வேண்டாம்! இவர்கள் இன்றைய மேகாலயாவின் மலைமக்கள். அம்மாவின் குலப்பெயர்தான் பிள்ளைகளுக்கு வரும். குடும்பச் சொத்து கடைசி மகளுக்கு. இவர்கள் மொழிக்குச் சொந்தம் பந்தம் கம்போடியாவின் கெமர் மொழி இருக்கும் குடும்பத்தில்.

ஜோன்ஸுக்கு முன்பே செராம்பூர் பாதிரிமார்கள் வங்காள எழுத்தில் காசி மொழியை அச்சிட்டுப் பார்த்தார்கள். அது வேரூன்றவில்லை. ஜோன்ஸ் ரோமன் எழுத்தை எடுத்தார். ஆனால் ஆங்கிலேயர் எழுதும் முறையில் அல்ல, தன் தாய்மொழியின் முறையில்! இன்றும் காசி நெடுங்கணக்கு 'ஏ, பி, கே, டி' என்றுதான் போகிறது. 'ஜி'க்கு அடுத்து 'என்ஜி' என்பது தனி எழுத்து. வேல்ஸ் மொழியிலும் 'ஜி'க்கு அடுத்து அதுதான். 1842ல் முதல் காசி பாடப் புத்தகம் வந்தது.

நமக்கு இதைவிட முக்கியமான சேதி இன்னொன்று. அவர் எழுத்தோடு நிற்கவில்லை. ரம்பம் பிடித்து மரம் அறுக்கவும், தச்சு வேலைக்கும், விறகுக்கரிக்குப் பதில் நிலக்கரியால் சுண்ணாம்புக் காளவாய் எரிக்கவும் கற்றுக்கொடுத்தார். செல்வாக்கான ஓர் ஆங்கிலேய வியாபாரி மலைமக்களைச் சுரண்டியபோது எதிர்த்து நின்றார். அதற்குள் மிஷன் உறவும் முறிந்துபோயிருந்தது. காட்டு வழியாகத் தப்பி ஓடி, காய்ச்சலில் விழுந்து, 1849 செப்டம்பர் 16ல் கல்கத்தாவில் இறந்தார். வயது 39. அவர் கல்லறை அங்கே இருக்கிறது.

மிச்சத்தைச் செய்தவர்கள் காசி மக்களே. ஜீபோன் ராய் என்பவர் 1896ல் சொந்த அச்சகம் வைத்தார். தங்கள் பழைய சமயத்தையும் பழக்கங்களையும் காக்க, 1899ல் பதினாறு இளைஞர்கள் 'செங் காசி' என்ற சங்கம் கண்டார்கள். பாதிரியார் தந்த எழுத்தே, பாதிரியார் மதத்தில் சேராதவர்களுக்கும் ஆயுதமாயிற்று!

கணக்கைப் பாருங்கள்

2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வேல்ஸ் மொழி தெரிந்தவர்கள் சுமார் 5,38,000 பேர், அதாவது நூற்றுக்கு 18க்கும் குறைவு. 1911ல் அது நூற்றுக்கு 43க்கு மேல். இந்தியாவில் காசி மொழி பேசுவோர் 2011ல் 14 லட்சத்துக்கு மேல். நம் யூனியன் பிரதேசத்தின் மொத்த ஜனத்தொகையைவிட அதிகம். எழுத்துத் தந்த மொழியைவிட எழுத்து வாங்கிய மொழி பெரிசாகிவிட்டது!

வேல்ஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. தங்கள் மொழிக்குத் தனி டெலிவிஷன் வேண்டும் என்று 1980ல் க்வின்ஃபோர் எவன்ஸ் என்ற தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார். அரசாங்கம் பணிந்தது. 1982ல் ஒளிபரப்பு தொடங்கியது. 2011ல் அது வேல்ஸில் சட்டப்படி ஆட்சிமொழியும் ஆனது.

நமக்கு என்ன?

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். முதல் வருஷம் ஒர்க்ஷாப் வைவாவில், லேத்தில் டெயில்ஸ்டாக் எதற்கு என்று கேட்டார்கள். பதில் எனக்குத் தெரியும். தமிழில் தெரியும். இங்கிலீஷில் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்று வாயே திறக்கவில்லை. மார்க் போச்சு. என் கழுத்தில் யாரும் கட்டை மாட்டவில்லை. நானே எடுத்து மாட்டிக்கொண்டேன்!

இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலைக்கு அது வேண்டும், நன்றாகவே படிப்போம். ஆனால் ஜூனியர் பையன் சந்தேகம் கேட்டால் தமிழில் விளக்குவோம். ரெக்கார்டு நோட்டை இங்கிலீஷில் எழுதினாலும், எதற்காக அந்த ஆபரேஷன் என்பதைப் பக்கத்தில் தமிழில் இரண்டு வரி குறித்து வைப்போம். ரம்பத்தையும் எழுத்தையும் அந்த மக்களின் மொழியிலேயே சேர்த்துக் கொடுத்தாரே, அந்தத் தச்சர் மகன் செய்ததும் இதுதான். பிரெஞ்சுக் கொடி பறந்த நாளிலேயே அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக நின்றவர் நம் பாவேந்தர். அவர் பிறந்த ஊரில் டிப்ளமோ படிக்கும் நாம், தெரிந்த பதிலைச் சொல்ல வெட்கப்படலாமா?

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்