வீட்டு விஞ்ஞானம் – 14: சூட்டுக்கும் குளிருக்கும் ஒரே உப்பு

சென்ற வாரம் சுடுதண்ணிப் போத்தலைப் பற்றிப் பேசினோம். அது இல்லாத வீடு உண்டு. உப்பில்லாத வீடு இல்லை. அதிலும் புத்தளத்தார் உப்புக்கு எங்கும் போகவேண்டியதில்லை. பாலாவி பக்கம் களப்போரமாகப் போனால் உப்பளப் பாத்திகள்தான். சூட்டு ஒத்தடம், குளிர் ஒத்தடம் இரண்டுக்கும் அந்தக் கல்லுப்பே போதும்.

முதலில் சூடு. அரைக் கிலோ கல்லுப்பைத் தாச்சியில் போட்டுச் சிறு தீயில் வறுங்கள். படபடவென்று வெடிக்கும். பாத்தியில் உப்பு விளையும்போது கல்லுக்குள் சிறைப்பட்ட துளி நீர் ஆவியாகி, கல்லை உடைத்துக்கொண்டு வெளியேறும் சத்தம் அது. கண்ணில் தெறிக்காமல் அரைகுறையாக மூடி வையுங்கள். சத்தம் அடங்கியதும் இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, பருத்திக் காலுறையிலோ பழைய சாரத்துண்டிலோ முக்கால்வாசி நிரப்பிக் கட்டுங்கள். இறுக்கி நிரப்பினால் முழங்காலில் படியாது. நைலோன் துணி உருகிவிடும், வேண்டாம். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, பொறுக்கும் சூட்டில் 15 நிமிடம் ஒற்றினால் போதும். ஒரே எடை நீரோடு ஒப்பிட்டால் உப்பு ஐந்தில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் பிடித்து வைக்கும், சீக்கிரம் ஆறும். ஆறினால் மறுபடி வறுக்கலாம். 2025இல் உப்புக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியதை மறந்திருக்கமாட்டீர்கள். ஒத்தட உப்பைக் கொட்டாதீர்கள், போத்தலில் மூடி வைத்தால் அடுத்த தடவைக்கும் ஆகும்.

இனிக் குளிர். வெறும் தண்ணீரை உறைய வைத்தால் கல்போல இறுகி, கணுக்காலில் ஒட்டாது. ஒரு லீற்றர் தண்ணீரில் 100 கிராம் உப்பைக் கரைத்தால், அது 0 பாகையில் உறையாது; ஏறத்தாழ கழித்தல் 6 பாகையில்தான் உறையத் தொடங்கும். உறைபெட்டியிலும் முழுதாக இறுகாமல் கூழாக நிற்கும். தடித்த பிளாஸ்டிக் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி வையுங்கள். ஆனால் இது ஐஸ் கட்டியைவிடக் குளிரானது. துவாய் சுற்றாமல் தோலில் வைத்தால் தோல் வெந்ததுபோலாகிவிடும். 10 நிமிடம் வைத்து எடுங்கள்.

எதற்கு எது? படகிலிருந்து குதித்துக் கணுக்கால் புரண்டு, வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாளும் குளிர். வலை இழுத்து இழுத்து இறுகிப்போன தோளுக்கும் பழைய இடுப்பு வலிக்கும் சூடு. நீரிழிவால் பாதம் மரத்தவர்களுக்கு இரண்டும் ஆபத்து. சுடுவதே அவர்களுக்குத் தெரியாது.

கற்பிட்டி, உடப்புப் பக்கத்துக் கடற்றொழிலாளர் கேட்கும் கேள்வி வேறு: திருக்கை முள் குத்தினால்? அங்கே ஐஸ் உதவாது. 45 பாகையைத் தாண்டாத சுடுதண்ணீரில் காலை 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். வலியில் துடிக்கும் காலுக்குச் சூடு உறைக்காது, தோல் வெந்துபோகும். முள் முறிந்து உள்ளே நிற்கலாம், ஏற்புவலி ஊசியும் தேவைப்படும்; ஆகவே வலி குறைந்தாலும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் தண்ணீர் காய்ச்சிக்கொண்டு நிற்காதீர்கள், முள்ளைப் பிடுங்கவும் வேண்டாம், 1990க்கு அழையுங்கள். வலையில் வந்த கடற்பாம்பு கடித்தாலும் அப்படித்தான்: ஒத்தடம் எதுவும் வேண்டாம், கடிபட்டவரை அசையவிடாமல் கொண்டுபோங்கள்.

(அடுத்த வாரம்: கருவாடு ஏன் கெடுவதில்லை?)