இரவில் ஒலிக்கும் ஸ்டால் எச்சரிக்கை எதை அளக்கிறது?

அமெரிக்காவில் சிறு விமானத்தில் பயணிகளை ஏற்றி இரவில் பறக்க வேண்டுமானால், முந்தைய 90 நாட்களுக்குள் இருட்டில் 3 முறை மேலெழும்பி, 3 முறை முழுவதுமாக நிற்கும்படி தரையிறங்கியிருக்க வேண்டும் என்பது அந்நாட்டுக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதி. இந்தக் கெடுவுக்குள் கணக்கை முடிக்க முனைவோரின் கடிதங்களில் ஒரு குழப்பம் மீண்டும் மீண்டும் தென்படுகிறது: ‘ஸ்டால்’ எச்சரிக்கை ஒலி வேகக் குறைவை அறிவிப்பதாகவே பலரும் கருதுகின்றனர். ஸ்டால் என்பது, இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் தாக்குகோணம் ஓர் எல்லையைத் தாண்டியதும், மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிரிந்து தூக்குவிசை சரியும் நிலை. அது எந்த வேகத்திலும் நேரலாம்.

செஸ்னா 172 என்னும் சிறு விமானம் இக்கோணத்தை உணரும் விதம் வியக்கத்தக்க எளிமை கொண்டது. இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சிறு துளை உண்டு. காற்று மேலும் கீழுமாகப் பிரியும் புள்ளி, கோணம் கூடக்கூட அத்துளைக்குக் கீழே நகர்வதால், துளையின் வாயில் அழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் காற்று உறிஞ்சப்பட, ஆர்மோனியத்தில் இருப்பது போன்றதொரு நாக்கு அதிர்ந்து ஒலிக்கிறது. மின்சாரம் தேவையில்லை என்பதால், நள்ளிரவில் மின் இணைப்பு முழுவதும் அற்றுப்போனாலும் அது ஒலிக்கும். காற்று தள்ளும் தகடு மின்சுற்றை இணைக்கும் பைப்பர் செரோக்கி போன்ற விமானங்களில் அந்த உறுதி இல்லை.

ஸ்டாலுக்குக் குறைந்தது 5 நாட், அதாவது மணிக்குச் சுமார் 9 கி.மீ., முன்பே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்ற சான்றளிப்பு அளவுகோல் ஆறுதல் அளிப்பதாகத் தோன்றினாலும், அது தூய்மையான இறக்கைக்கு மட்டுமே பொருந்தும். தெளிந்த குளிரிரவில் திறந்தவெளியில் நிற்கும் விமானத்தின்மீது படியும் உறைபனி, உப்புத்தாளின் சொரசொரப்பு அளவே இருந்தாலும், தூக்குவிசையை 30 விழுக்காடு வரை குறைக்கக்கூடும் என்று அதே நிர்வாகம் ஒப்புக்கொள்கிறது. அந்நிலையில் இறக்கை வழக்கத்தைவிடச் சிறிய கோணத்திலேயே ஸ்டாலாகும். துளையோ பழைய கோணத்துக்காகவே காத்திருக்கும். ஒலி எழுமுன்னரே விமானம் சரியக்கூடும். தரையிறக்கங்களை மட்டும் எண்ணும் 90 நாள் விதி, இந்த ஆபத்தை அறிந்த விமானியையும் அறியாதவரையும் வேறுபடுத்துவதில்லை.

இருட்டு எதைக் கூட்டுகிறது? தொடுவானம் மறைவதால், முகப்பு உயர்வதைக் கருவிகளே காட்ட வேண்டும்.

திருப்பங்களில்? உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் 41 விழுக்காடு உயரும்.

ஒலி கேட்டால்? முதலில் முகப்பைத் தாழ்த்தி, பிறகு இறக்கைகளைச் சமப்படுத்தி, எஞ்சின் விசையைக் கூட்ட வேண்டும்.

புறப்படுமுன்? டார்ச் வெளிச்சத்துக்கும் தப்பிவிடும் மெல்லிய உறைபனி உண்டென்பதால், இறக்கையின் மேற்பரப்பை வெறுங்கையால் தடவிப் பாருங்கள்.