ஐந்து பேர் போதும்

கர்நாடக இசைப் பக்கம் புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "யாரைக் கேட்பது?" என்பதுதான். நூறு வருஷத்துப் பாட்டும் இப்போது கைபேசியில் கிடைக்கிறது. இன்று அரியக்குடி, நாளை பாலமுரளி, அடுத்த நாள் மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்று மாறி மாறிக் கேட்கிறார்கள். ஆறு மாதம் கழித்து, எதுவும் மனசில் தங்கவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள். இது நின்றபடி பதில் சொல்கிற கேள்வி இல்லை. உட்காருங்கள், டீ வரட்டும். என் பதில் சின்னதுதான்: ஐந்து பேரை எடுத்துக்கொள்ளுங்கள், ஆயுசுக்கும் அவர்களைக் கேளுங்கள். ஏன் ஐந்து, எந்த ஐந்து என்று சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

ஏன் என்பதை முதலில் பார்ப்போம். கச்சேரியில் கீர்த்தனை ஒருவர் இயற்றியது, அதன் வரிகளின் மாறுபாடுகளான சங்கதிகள் பாடாந்தரமாக, குரு வழியாக வந்தவை. ஆனால் அதற்கு முன்னால் ராகத்தை விரிக்கும் ஆலாபனை, நடுவில் ஒரு வரியை மாற்றி மாற்றிப் பாடும் நிரவல், பின்னால் ஸ்வரங்களின் பெயரைச் சொல்லியே பாடும் கல்பனாஸ்வரம் எல்லாம் பாடகர் அந்த நிமிஷத்தில் உண்டாக்குவது. மனோதர்மம் என்கிறோம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருவர் வழக்கமாகப் போகும் வழி உங்களுக்குத் தெரியாவிட்டால், இன்றைக்கு அவர் புதிதாகத் திரும்பிய இடம் உங்கள் காதில் விழவே விழாது. எல்லாமே புதிதாகத் தெரிகிறவருக்கு எதுவும் புதிதில்லை. நெருங்கிய சிநேகிதர் தொலைபேசியில் "ம்" என்று சொன்னாலே அவர் எப்படி இருக்கிறார் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது அல்லவா? அந்தப் பழக்கம் ஐம்பது பேரோடு வராது. ஒரு பாடகரின் காம்போதி ராகத்தை இருபது முப்பது தடவை, வேறுவேறு கச்சேரிகளில் கேட்ட பிறகுதான், மேல் ஸ-வான தார ஷட்ஜத்துக்குப் போகாமல் அதன் வாசலிலேயே அவர் இன்று ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கவனிக்க முடியும். அந்தக் கவனம் வந்துவிட்டால் பாட்டு கேட்பதே வேறு விஷயம் ஆகிவிடுகிறது.

சரி, எந்த ஐந்து? விருது வாங்கியவர்களின் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதல் ஆளைக் குரலை வைத்து எடுங்கள். காலையில் பல் தேய்க்கும்போதும், உடம்பு முடியாமல் படுத்திருக்கும்போதும், மனசு சரியில்லாத ராத்திரியிலும் எந்தக் குரலைத் தாங்க முடிகிறதோ அந்தக் குரல். எனக்கு அது மதுரை மணி ஐயர்.

1912-ல் பிறந்து 1968-ல் மறைந்தவர். புகழ்பெற்ற பாடகரான மதுரை புஷ்பவனத்தின் அண்ணன் தம்பி வீட்டுப் பிள்ளை. கண்பார்வை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போனது. குரல் பெரிய குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் சுருதியோடு அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும், தம்புராவிலிருந்து அதைப் பிரித்து எடுக்க முடியாது. அவர் ஸ்வரம் பாடுவதைத்தான் நீங்கள் முதலில் கேட்க வேண்டும். கல்பனாஸ்வரத்தில் பொதுவாக இரண்டு போக்கு உண்டு. ஒன்று கணக்கு: இத்தனை அட்சரத்தை இப்படி இப்படிப் பிரித்து, மூன்று முறை அடுக்கி, எடுப்பில் சரியாக வந்து விழுவது. இன்னொன்று சர்வலகு: தாளம் எப்படி இயல்பாக நடக்கிறதோ அதன் மேலேயே ஸ்வரங்கள் ஓடுவது. மணி ஐயர் இரண்டாவதின் அரசர். வேலைப்பாடு இருக்கிறது என்று காட்டிக்கொள்ளாமல், கேட்பவர் தொடையில் தாளம் தானாக விழும்படி பாடுவார். தாளக் கணக்கு தெரியாதவரும் தலையாட்டலாம், தெரிந்தவர் அதற்குள் இருக்கும் நுணுக்கத்தைப் பார்த்துத் திகைக்கலாம். அதனால்தான் அவர் முதல் ஆளாக இருக்கத் தகுந்தவர். பாபநாசம் சிவனின் தமிழ்ப் பாட்டுகளை மேடைதோறும் கொண்டுபோனவர். முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டை ஜனங்கள் வாயில் முணுமுணுக்க வைத்தவரும் அவர்தான். இந்த வாசல் வழியாக நுழைந்த யாரும் பயந்து திரும்பிப் போனதாக நான் கண்டதில்லை.

இரண்டாவது ஆள் முதல் ஆளுக்கு நேர் எதிராக இருக்க வேண்டும். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். ஒரே மாதிரி ஐந்து பேரை வைத்துக்கொண்டால் உங்கள் காது ஒரே இடத்தில்தான் பழகும். மணி ஐயரின் ஓட்டத்துக்குப் பழகிய காதை டி. பிருந்தாவிடம் கொண்டுபோய் உட்கார வையுங்கள்.

பிருந்தாவும் அவர் தங்கை முக்தாவும் வீணை தனம்மாளின் பேத்திகள். தனம்மாள் 1938-ல் மறைந்தார். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பதைக் கேட்க அந்தக் காலத்துப் பெரிய வித்வான்களே வந்து உட்காருவார்களாம். நாட்டியத்தில் பாலசரஸ்வதி, புல்லாங்குழலில் டி. விஸ்வநாதன் எல்லாம் அந்தக் குடும்பம்தான். தேவதாசி மரபில் வந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய சொத்து அது. அந்தச் சொத்தில் விலை உயர்ந்தது க்ஷேத்ரக்ஞரின் பதங்கள்: பதினேழாம் நூற்றாண்டில் தெலுங்கில் எழுதப்பட்ட காதல் பாட்டுகள். அவற்றைச் சௌக்க காலத்தில், மிக மெதுவாகப் பாட வேண்டும்.

மெதுவாகப் பாடுவது எளிது என்று தோன்றும். நிஜத்தில் அதுதான் கஷ்டம். வேகத்தில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடலாம். சௌக்கத்தில் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் முழுவதையும் குரல் நடந்தே கடக்க வேண்டும், அங்கே ஒவ்வொரு அங்குலத்திலும் ராகம் இருக்க வேண்டும். பிருந்தாவின் குரல் வீணைத் தந்தியை இழுத்து விடுவதைப் போலவே அசைகிறது, அந்த வீட்டில் வீணையும் வாய்ப்பாட்டும் ஒன்றாகவே வளர்ந்தவை. மேடைக் கைதட்டலுக்காக அவர் எதையும் சேர்க்கவில்லை. 1976-ல் சங்கீத கலாநிதி ஆனார். அதற்கு வெகு முன்பிருந்தே மற்ற வித்வான்கள் அவரிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளப் போய்க்கொண்டிருந்தார்கள்.

முதல் தடவை கேட்கும்போது உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. பரவாயில்லை. ஒரே ஒரு பதத்தை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதை மட்டும் கேளுங்கள், வேறு வேலை பார்க்காமல். அவ்வளவு பொறுமை வரவில்லை என்றால் எம்.டி. ராமநாதனிடம் போகலாம். பாலக்காட்டுப் பக்கம் மஞ்சப்பராவிலிருந்து கலாக்ஷேத்ராவுக்கு வந்து டைகர் வரதாச்சாரியாரிடம் கற்றவர். தாழ்ந்த சுருதி, அடிவயிற்றிலிருந்து வரும் கார்வை, அவசரமே அறியாத நடை. சஹானாவை அவர் பாடிக் கேட்டவர்களுக்கு அந்த ராகம் என்றாலே அவர் குரல்தான் ஞாபகம் வரும். என் ஐந்தில் அவர் இல்லை, ஆனால் பலருடைய ஐந்தில் அவர் முதல் ஆள் என்று எனக்குத் தெரியும். நியாயமான தேர்வு.

மூன்றாவது, வாய்ப்பாட்டை விட்டு வெளியே வாருங்கள். அதிலும் நாகஸ்வரத்துக்கு வாருங்கள். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளத்துக்கு நடுவில் கேட்டதோடு பலர் நிறுத்திக்கொள்வது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். ராக ஆலாபனையை மணிக்கணக்கில் விரித்துப் பாடும் பழக்கத்துக்கு, சுவாமி புறப்பாட்டில் வீதிகளில் விடிய விடிய வாசித்த நாகஸ்வரக்காரர்கள் போட்ட பாதை மிகப் பெரியது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேளுங்கள்.

தோடியை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், கமகம் என்றால் என்ன என்பதை இந்த ராகத்தைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்கும் ராகம் இல்லை. தோடியின் ஏழு ஸ்வரங்களையும் ஹார்மோனியத்தில் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், தோடி வராது. காரணம், அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடும் அசைவுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். நாகஸ்வரத்தில் கட்டைகளோ சாவிகளோ கிடையாது. துளையை விரலால் பாதி மூடியும், சீவாளியில் உதட்டின் பிடியையும் மூச்சின் அழுத்தத்தையும் மாற்றியுமே அந்த அசைவைக் கொண்டுவர வேண்டும். பிள்ளை அதை ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் இழுத்துப் போகிறார் என்று கவனியுங்கள். உயர்ந்த சுருதியில் கூவும் திமிரி நாயனத்தை விட்டுவிட்டு, நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை அவர் கையில் எடுத்ததும் இதற்காகத்தான். வாய்ப்பாட்டின் குழைவு அதில் வந்தது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அவருக்காகச் செய்து செய்து பார்த்துத் திருத்திய வாத்தியம் அது. இன்று கோயிலில் நீங்கள் கேட்பதும் பெரும்பாலும் அந்த அளவு நாயனம்தான். ஒரு கலைஞரின் காது ஒரு வாத்தியத்தின் உடம்பையே மாற்றியிருக்கிறது.

நான்காவது ஒரு மிருதங்கக்காரர். சபாக்களில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதிப் பேர் கேன்டீனுக்கு எழுந்து போகிறார்கள். தாளம் புரியாது என்ற பயம்தான். கணக்கைத் தொடர வேண்டாம், நாதத்தை மட்டும் கேளுங்கள், போதும். நான் சொல்வது பழனி சுப்பிரமணிய பிள்ளை. புதுக்கோட்டை வழியில் வந்தவர், இடது கைக்காரர். மிருதங்கத்தின் கூர்மையான ஒலி தரும் பக்கமான வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால் இடது கைக்காரர் பாடகருக்கு மறுபக்கம் உட்கார வேண்டும், பிடில்காரர் இடம் மாற வேண்டும். அதனால் வந்த சங்கடங்களுக்கு நடுவில் செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணை நின்றார். மறுபக்கமான, ரவை பிசைந்து ஒட்டிய தொப்பியிலிருந்து அவர் எழுப்பும் கும்கி என்ற குழைந்த ஒலியைக் கேட்கக் கைபேசியின் ஒலிபெருக்கி உதவாது. அவ்வளவு கீழான ஒலியை அது தராது. நல்ல காதொலிப்பான் போட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுகளைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம் சொச்சம்தான் அடங்கும். ஒரு ராகத்தையே அதற்குள் சுருக்கியிருப்பார்கள். அதை மட்டும் கேட்டு ஒருவரை எடைபோட வேண்டாம். 1950-களிலிருந்து ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பிடித்து வைத்த கச்சேரிகள், வானொலிக் கச்சேரிகள், இவற்றைத் தேடுங்கள். இருமலும் குழந்தை அழுகையும் இருக்கும், ஆனால் ஆள் முழுசாகக் கிடைப்பார். டேப் டேப்பாக நகல் எடுத்ததில் வேகம் மாறிப்போன பதிவுகளும் உண்டு. வேகம் கூடினால் சுருதியும் கூடும். ஆண் குரல் கீச்சென்றும் மிருதங்கம் தகரம் போலவும் கேட்டால் பாடகரைக் குறை சொல்லாதீர்கள், வேறு பிரதி பாருங்கள்.

இப்படி நாலைந்து பேரோடு நின்றுவிட்டால் எம்.எஸ்., ஜி.என்.பி., செம்மங்குடி எல்லாம் போய்விடுமே என்பீர்கள். போக மாட்டார்கள். ஐந்து பேரை ஆழமாகத் தெரிந்தவருக்குத்தான் ஆறாவது ஆளின் அருமை சட்டென்று தெரியும். மணி ஐயரின் சர்வலகு காதில் ஊறியிருந்தால் ஜி.என்.பி.யின் பிருகா, அந்த அதிவேக ஸ்வரக் கோவை, மின்னுவது இரண்டு மடங்கு தெரியும். எப்போதாவது ஒருவரை மாற்றவும் செய்யலாம். ஆனால் குறைந்தது இரண்டு வருஷமாவது கேட்காமல் யாரையும் வெளியே அனுப்பாதீர்கள். முதலில் சலிப்பது பெரும்பாலும் நம் காதுதான்.

ஐந்தாவது ஆளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர் உயிரோடு இருப்பவராக இருக்க வேண்டும், முடிந்தால் உங்களைவிட இளையவராக. மற்ற நாலு பேரும் பாடி முடித்துவிட்டார்கள், அவர்களிடம் இனிமேல் புதுப் பாட்டு வராது. இவர் இன்னும் பாடாத ராகங்கள் இருக்கின்றன, இவர் குரல் இனிமேல்தான் கனிய வேண்டும். அடுத்த முப்பது வருஷம் அவர் மாறுவதை நீங்கள் கூடவே இருந்து கேட்கலாம். அவரைக் கைபேசியில் தேட வேண்டாம். மார்கழி சீசனில் சென்னை சபாக்களில் பகல் பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இளைஞர்கள் பாடுவார்கள். அநேகமாக டிக்கெட் இருக்காது, கூட்டமும் இருக்காது. இரண்டாவது வரிசையில் உட்காருங்கள். யாராவது ஒருவர் ஒரு ராகத்தை எடுத்து, தெரிந்த பிடியை விட்டுவிட்டுத் தயங்கி, தானாக ஒரு வழி கண்டுபிடித்து வெளியே வந்தால், அவர் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த கச்சேரி எந்தச் சபாவில் என்று விசாரியுங்கள்.