ஃபிட்னஸ் பேண்ட்: எந்த எண்ணை நம்பலாம்?

நடைப்பயிற்சி முடித்து வந்து ஃபிட்னஸ் பேண்ட்டின் திரையைத் தட்டினால் எண்கள் வரிசையாக வரும். அடிகள் 6,214. இதயத் துடிப்பு 92. எரித்த கலோரி 240. நேற்றைய தூக்கத்துக்கு 78 மதிப்பெண். இரத்த அழுத்தம் 124/81. எல்லாம் ஒரே திரையில், ஒரே எழுத்தில் தெரிவதால் எல்லாமே ஒரே அளவு உண்மை என்று தோன்றும். அப்படி இல்லை. முதல் இரண்டும் கருவி அளந்தவை. அடுத்த இரண்டும் அளந்ததை வைத்துக் கணித்தவை. கடைசி எண், மலிவான பல பேண்ட்களில் அளந்ததும் அல்ல, ஒழுங்காகக் கணித்ததும் அல்ல. இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால் எதை வாங்குவது, வாங்கியதை எப்படிப் பயன்படுத்துவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

சாதாரண பேண்ட் ஒன்றின் வேலையில் பெரும்பகுதியை இரண்டு உணரிகள் செய்கின்றன. ஒன்று, முடுக்கமானி. கை முன்பின்னாக, மேலும் கீழுமாக, பக்கவாட்டில் அசைவதை இந்தச் சிறிய சில்லு பதிவு செய்கிறது. நடக்கும்போது கை ஒரே தாளத்தில் வீசும். மென்பொருள் அந்தத் தாளத்தைக் கண்டுகொண்டு அடிகளாக எண்ணுகிறது. ஆக, மணிக்கட்டில் இருக்கும் பேண்ட் கவனிப்பது காலை அல்ல, கையை. சூப்பர் மார்க்கெட்டில் டிராலியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் கை வீசாது, எண்ணிக்கை குறையும். குண்டும் குழியுமான சாலையில் ஸ்கூட்டர் ஓட்டினாலோ, கல்லில் துணி துவைத்தாலோ நடக்காத அடிகள் சில சேர்ந்துவிடலாம்.

மற்றொன்று, ஒளி உணரி. பேண்ட்டைத் திருப்பினால் பின்புறம் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்க்கலாம். இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் கூடும். அப்போது திரும்பி வரும் ஒளி குறையும். அடுத்த கணம் இரத்தம் குறைய, ஒளி கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று பேண்ட் சொல்கிறது. பட்டை தளர்ந்து வெளிச்சம் உள்ளே புகுந்தாலோ, அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ, கையை வேகமாக ஆட்டினாலோ கணக்கு பிசகும்.

துடிப்பு சரி, கலோரி தவறு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் 7 கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். இதயத் துடிப்பில் 6 கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரிக் கணக்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. இருப்பதிலேயே நன்றாகச் செயல்பட்ட கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமான கருவியின் பிழை 93 சதவீதம்.

காரணம் எளியது. ஒருவர் செலவிடும் ஆற்றல் அவரது தசையின் அளவு, உடற்தகுதி, வளர்சிதை மாற்றம் எனப் பலவற்றைப் பொறுத்தது. பேண்ட்டுக்குத் தெரிந்ததோ அசைவும் துடிப்பும், நாம் பதிந்த வயது, உயரம், எடையும்தான். எனவே 'இன்று 400 கலோரி எரித்தாயிற்று, இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடலாம்' என்ற கணக்கை இந்த எண்ணை நம்பிப் போடவே கூடாது.

தூக்கமும் அப்படித்தான். மருத்துவமனையின் தூக்க ஆய்வகத்தில் மூளை அலைகளையும் கண் அசைவையும் தசை இறுக்கத்தையும் பதிவு செய்துதான் தூக்கத்தின் நிலைகளைப் பிரிக்கிறார்கள். பேண்ட் உங்கள் அசைவையும் துடிப்பையும் வைத்து அதை ஊகிக்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். தூக்கம் வராமல் அசையாமல் படுத்திருந்த நேரத்தையும் பல சமயம் தூக்கமாகவே எழுதிக்கொள்ளும். ஆழ்ந்த தூக்கம் 43 நிமிடம்தான் என்று திரை சொன்னதற்காகக் கவலைப்பட வேண்டாம். இந்த மதிப்பெண்ணைப் பற்றிய பதற்றமே சிலரது தூக்கத்தைக் கெடுப்பதை அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் 2017இல் பதிவு செய்திருக்கிறார்கள். காலையில் புத்துணர்ச்சியோடு எழுந்தால் அதுதான் நல்ல தூக்கம்.

எச்சரிக்கை தேவைப்படும் மூன்று எண்கள்

முதலாவது, இரத்த ஆக்ஸிஜன். கரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரைப் போலவே சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் பேண்ட்டும் இதைக் கணக்கிடுகிறது. மருத்துவமனையின் விரல் கருவிகளே கறுப்பின நோயாளிகளின் ஆக்ஸிஜன் குறைபாட்டை வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. நம்மில் பலருடைய தோலும் கருமையானது. மூச்சு வாங்கும்போது திரையில் 97 என்று தெரிந்தாலும் அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது, இரத்த அழுத்தம். கையைச் சுற்றிக் காற்றடைத்து அளக்கும் கருவிதான் இன்றும் வீட்டு அளவீட்டுக்கு நம்பகமானது. ஒளி உணரியை வைத்து அழுத்தம் சொல்லும் தரமான வாட்ச்களைக்கூட அந்தக் கருவியோடு ஒப்பிட்டுக் குறித்த கால இடைவெளியில் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். மலிவான பேண்ட்டில் இந்த வசதி இருப்பதாகக் கடைக்காரர் சொன்னால், அதைக் கையில் கட்டாமல் ஒரு வாழைக்காயில் கட்டி அளக்கச் சொல்லுங்கள். வாழைக்காய்க்கும் 120/80 காட்டுகிற பேண்ட்டை நம்பி மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ யாரும் துணியக் கூடாது.

மூன்றாவது, சர்க்கரை. ஊசி குத்தாமலே இரத்தச் சர்க்கரையை அளக்கும் வாட்ச், மோதிரம் என்ற விளம்பரங்கள் ஏராளம். அப்படித் தானாக அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தோலுக்குள் மெல்லிய இழையைச் செலுத்தி அளக்கும் சிஜிஎம் கருவியின் அளவை வாட்ச் திரையில் பார்ப்பது வேறு. தோலைத் துளைக்காமல் அளப்பதாகச் சொல்லும் பேண்ட்டை நம்பி இன்சுலின் போட்டுக்கொள்வது உயிருக்கு ஆபத்து.

10,000 அடிகள் கட்டாயமா?

1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. உடற்பயிற்சி ஆர்வம் பெருகிய அந்தச் சூழலில், 1965இல் யாமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் 'மான்போ-கெய்' என்ற பெயரில் இடுப்பில் மாட்டும் அடிமானியை விற்கத் தொடங்கியது. பெயரின் பொருள் 10,000 அடி மானி. அந்த எண் விற்பனைக்காக வைத்த பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வு தந்த எல்லை அல்ல.

ஆய்வுகள் பின்னால்தான் வந்தன. ஹார்வர்டு பேராசிரியர் ஐ-மின் லீ தலைமையில் சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களை ஆராய்ந்து, முடிவை 2019இல் வெளியிட்டார்கள். நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடிகள் நடந்தவர்களைவிட 4,400 அடிகள் நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடிகளுக்குப் பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. 15 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வந்த அலசலில், 60 வயதைக் கடந்தவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகளிலும், இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடிகளிலும் பலன் நிலைபெற்றது. மூட்டுவலியோடு 5,000 அடிகள் நடக்கும் பாட்டி, பேண்ட் 'இலக்கு எட்டப்படவில்லை' என்று சொல்வதால் மனம் தளரத் தேவையே இல்லை.

தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதைகளை 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் அறிமுகப்படுத்தியது. அதை முழுவதும் நடந்தால் 10,000 அடிகளைத் தொட்டுவிடலாம். புதிதாகத் தொடங்குபவர் முதல் நாளே முழுத் தொலைவையும் நடக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்சப் பரிந்துரை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம்தான் மிதமான வேகம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். நடைக்கும் துடிப்புக்கும் மட்டும் என்றால் சில ஆயிரம் ரூபாய் பேண்ட் போதும். சாலையில் ஓடுபவர், சைக்கிள் ஓட்டுபவர் என்றால் ஜிபிஎஸ் பேண்ட்டுக்குள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். சில பேண்ட்கள் போனின் ஜிபிஎஸ்ஸை நம்பியே இயங்கும். நீந்துபவர் நீர் புகாமைக்கான 5 ஏடிஎம் குறியீடு உள்ளதை வாங்க வேண்டும்.

இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையைக் கவனிக்க வேண்டியவர்கள், மருத்துவரிடம் பேசிவிட்டு, அரசு ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி பெற்ற ஈசிஜி வசதியுள்ள வாட்சைப் பார்க்கலாம். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆப்பிள் இதய ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. அதில் ஒழுங்கற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை பெற்றவர்கள் 0.52 சதவீதம் மட்டுமே. எச்சரிக்கை வந்தால் அது நோய் என்று அர்த்தம் அல்ல. முறையான ஈசிஜி எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

கடையில் இன்னும் சிலவற்றைப் பாருங்கள். உங்கள் போனோடு இணையுமா? வெயிலில் திரை தெரியுமா? தமிழில் வரும் செய்தி எழுத்தாகத் தெரிகிறதா, வெறும் கட்டங்களாகத் தெரிகிறதா? தனியாகப் பட்டை கிடைக்குமா? சார்ஜ் ஒரு வாரம் நிற்குமா, தினமும் ஏற்ற வேண்டுமா? சில வசதிகளுக்கு மாதச் சந்தா கேட்பார்களா?

தகவல் பாதுகாப்பும் முக்கியம். 2018இல் ஸ்ட்ராவா செயலியின் உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களை வைத்தே ராணுவ முகாம்கள் அடையாளம் தெரிந்துவிட்டன. நீங்கள் தினமும் எந்த வீட்டிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த வழியாகத் தனியாக நடக்கிறீர்கள் என்பதும் அப்படித்தான் வெளியாகும். பாதையைப் பொதுவில் பகிரும் அமைப்பை முதல் நாளே அணைத்துவிடுங்கள். பெண்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

கட்டுவதற்கும் முறை உண்டு

மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நகராத அளவுக்கு, ஆனால் தடம் பதியாமல் கட்டுங்கள். ஓடும்போது இன்னும் சற்று மேலே ஏற்றிக்கொள்ளலாம். வியர்வையும் சோப்பும் பட்டைக்கடியில் தங்கினால் தோல் சிவந்து அரிக்கும். தினமும் சிறிது நேரம் கழற்றி, பட்டையைக் கழுவி, உலர்ந்த கையில் கட்டுங்கள்.

வாங்கியதும் பேண்ட்டைச் சோதித்துவிடுங்கள். வாயால் எண்ணி 100 அடிகள் நடந்து, அது காட்டுவதோடு ஒப்பிடுங்கள். பிறகு உட்கார்ந்து, பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து 30 விநாடி துடிப்பை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். இரண்டிலும் வித்தியாசம் சிறிதாக இருந்தால் பேண்ட் உங்களுக்கு உதவும்.

முதல் இரண்டு வாரம் இலக்கு எதுவும் வைக்காமல் வழக்கம்போல் இருங்கள். அப்போது கிடைக்கும் சராசரிதான் உங்கள் தொடக்கப் புள்ளி. அதோடு 500 அல்லது 1,000 அடிகளைச் சேர்த்து, பழகியதும் மேலும் கூட்டுங்கள். ஒரு நாளின் எண்ணைவிட மாதக் கணக்கில் தெரியும் போக்கு முக்கியம். ஓய்வுத் துடிப்பு மெல்லக் குறைந்துவந்தால் உடற்தகுதி கூடுகிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு இயல்பாகவே குறைவாக இருக்கும்; பேண்ட் சொல்லும் துடிப்பு இலக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

எடை குறைக்க பேண்ட் மட்டும் போதும் என்றும் எண்ண வேண்டாம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 471 இளைஞர்களிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், உணவு, உடற்பயிற்சி ஆலோசனை எல்லோருக்கும் தரப்பட்டது. இரண்டு ஆண்டு முடிவில் கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், அணியாதவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். நடப்பதும் அளவோடு உண்பதும் நம் வேலை. கருவி அதைக் குறித்துவைக்கும், அவ்வளவே.

இறுதியாக, உயிரோடு தொடர்புடைய ஒரு விஷயம். எந்த வாட்சாலும் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. ஈசிஜி எடுக்கும் வாட்சாலும் முடியாது. நெஞ்சில் அழுத்தமோ, இடது கைக்குப் பரவும் வலியோ, திடீர் மூச்சுத்திணறலோ, ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவதோ இருந்தால் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். துடிப்பு 74, எல்லாம் இயல்பு என்று காட்டினாலும் உடனே 108ஐ அழையுங்கள்.